மால்டாவுக்குப் பிந்திப் போன கப்பல்களும் என்ரை தம்பியும்

என்ரை தம்பி அருள் நடுக்கடலிலை குடிக்கத் தண்ணியில்லாமல் கிடந்தான். போன செப்டெம்பர், ஒரு செவ்வாய்க்கிழமை காலமை. லிபியாவிலையிருந்து வெளிக்கிட்ட வள்ளத்திலை நாப்பது பேர். எஞ்சின் நிண்டு போச்சு. எனக்குப் போன் எடுத்து "அக்கா, ஆரையாவது அனுப்பு" எண்டான். நிக்கிற இடத்தின்ரை இலக்கங்களை வாசிச்சான். பேந்து போன் எடுபடேல்லை.

சகோதரங்களே, நான் அண்டைக்கு அழேல்லை. எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தைத்தான் உங்களுக்குச் சாட்சியாச் சொல்ல வாறன்.

கடலிலை ஆக்களை மீட்கிற ஒரு அலுவலகத்துக்கு அடிச்சன். அது தங்கடை கடல் இல்லையாம். இன்னொண்டுக்கு அடிச்சன். குறிச்சு வைச்சிருக்கினமாம், காத்திருக்கட்டாம். புதன்கிழமையும் அதே பதில். வேலைக்குப் போகேக்கை பஸ்ஸிலையிருந்து பாத்தன். நான் இருக்கிற சிசிலியிலை, துறைமுகத்திலை கப்பல்கள் வரிசையா நிண்டுது. ஒண்டும் அசையேல்லை.

இடையிலை இறங்கிக் கோயிலுக்குப் போனன். முழந்தாள் போடேல்லை. நிண்டபடி கேட்டன்: "ஆண்டவரே, உமக்குக் காது கேக்குதோ? கேட்டால் ஒரு கப்பலை அனுப்பும். இல்லாட்டில் நான் இனி இஞ்சை வரமாட்டன்." அதுதான் என்ரை செபம். நிலம் துடைச்சுக்கொண்டு நிண்ட மனிசி திரும்பிப் பாத்தா.

ஒரேத்தோ எண்ட தெருவிலை வயசான ஒரு சிஞ்ஞோராவை, இத்தாலிக்கார அம்மாவை, பாத்துக்கொள்ளுறதுதான் என்ரை வேலை. பள்ளிக்கூடத்திலை சரித்திரம் படிப்பிச்சவ. மாதா பிறந்த திருநாள் கிட்டினால் அவவிட்டை ஒரு கதை வரும். நானூற்றைம்பது வருசத்துக்கு முன்னம் துருக்கிப் படை மால்டாவை வளைச்சுப் போட்டுது. மால்டா, சிசிலியை ஆண்ட அரசனுக்கு நட்பு ஊர். இஞ்சையிருந்து கப்பல்கள் போய், திருநாளுக்கு முதல்நாள் படையை இறக்கி, அந்த ஊரை மீட்டவையாம். சிசிலிக்காரி, பெருமையாச் சொல்லுவா.

அண்டைக்கும் தொடங்கினா. எப்ப வளைச்சவங்கள் எண்டு கேட்டன். மே மாதமாம். கப்பல் போய்ச் சேந்தது செப்டெம்பராம். இடையிலை என்ன செய்தவை? கப்பல்கள் சேரவேணும், அரசன்ரை மனம் தெரியவேணும், ஒருக்கால் புயலும் கலைச்சுப் போட்டுது எண்டா. அதுக்குள்ளை ஒரு கோட்டை விழுந்திட்டுது. உள்ளுக்கை நிண்ட ஆக்களிலை தப்பினது கொஞ்சப் பேர்தான்.

சூப் கோப்பையை மேசையிலை அடிச்சு வைச்சன். "சிஞ்ஞோரா, அந்தக் கோட்டைக்குள்ளை செத்தவைக்குத் திருநாள் இல்லை. என்ரை தம்பியும் இப்ப அப்பிடித்தான் கிடக்கிறான்" எண்டன். பிறகு எல்லாத்தையும் சொன்னன். பன்ரெண்டு வருசத்திலை அவவுக்கு முன்னாலை நான் குரல் உயத்தினது அதுதான் முதல்தரம்.

அவ போனைக் கேட்டா. அவவிட்டைப் படிச்ச ஒருத்தர், பக்கத்து ஊர் பகேரியாக்காரர், பெரிய மீன்பிடி வள்ளம் வைச்சிருக்கிறார். அந்தக் கிழமை மால்டாவுக்குத் தெற்கை வலை போட்டுக்கொண்டு நிண்டிருக்கிறார். சிஞ்ஞோரா அவருக்கு அடிச்சு அருள் வாசிச்ச இலக்கங்களைக் குடுத்தா. ஆக்களை ஏத்தினால் வழக்கு வரும், வள்ளத்தைப் பிடிச்சு வைப்பினம் எண்டு தயங்கினார். சிஞ்ஞோராவுக்கு முகம் சிவந்திட்டுது.

"ஒருத்தரையும் கேக்காதை. போ" எண்டா.

அவர் வலையை இழுத்து ஏத்திக்கொண்டு போனார். வியாழன் பின்னேரம் அவையைக் கண்டுபிடிச்சு ஏத்தினார். அருள் உயிரோடை இருந்தான். ரெண்டு பேர் விடியவே செத்திட்டினம். அதிலை ஒருத்தி எரித்திரேயாப் பிள்ளை, கலியாணம் கட்டி ஆறு மாதம். அந்த ரெண்டு பேருக்காக எனக்கு இண்டைக்கும் கோபம்தான். அது ஆறவேணுமெண்டு நான் செபிக்கிறேல்லை. மாதம் தவறாமல் அவைக்குப் பூசை ஒப்புக்குடுக்கிறன்.

ஆண்டவர் என்னை அந்தப் பேச்சுக்குத் தண்டிக்கேல்லை. கேட்டார், அனுப்பினார். அவருக்குக் கோடி நன்றி. முந்தி நான் குவெஸ்தூரா எண்ட பொலிஸ் அலுவலக வரிசையிலை தலை குனிஞ்சு நிக்கிற ஆள். இப்ப அருளின்ரை பெர்மெஸ்ஸோ, இஞ்சை தங்கிறதுக்கான அனுமதி அலுவலுக்குக் கூடப் போறன். இழுத்தடிச்சால் ஏன் எண்டு கேக்கிறன்.

உங்கடை ஆரும் எங்கையாவது உதவிக்குக் காத்துக்கொண்டிருந்தால், ஆண்டவரிட்டைச் சண்டைக்குப் போங்கோ. அவர் தாங்குவார். செபிச்சு முடிய வீட்டிலை இருக்காதேங்கோ. வெளியிலை வந்து மனிசற்றை கதவைத் தட்டுங்கோ, திறக்குமட்டும் தட்டுங்கோ.