ஊசிப் பேனாவும் இரண்டு மூடிகளும்

சவூதியில் இருபது வருடம் கிரேன் ஓட்டிய என் வீட்டுக்காரர் லப்பைக்குடிக்காட்டுக்குத் திரும்பியபோது சர்க்கரை வியாதியும் கூடவே வந்தது. மாத்திரை போதாது, இன்சுலின் போடவேண்டும் என்றார் பெரம்பலூர் டாக்டர். பேனா மாதிரி ஒரு கருவி. கற்றுக்கொடுப்பதற்கென்றே கிளினிக்கில் டை கட்டிய ஒருவர் இருந்தார். பேனாவை என் கண்முன் ஒருமுறை ஆட்டிக் காட்டிவிட்டு ஒரு புத்தகத்தைக் கையில் திணித்தார். அதுதான் அவர் கற்றுக்கொடுத்த லட்சணம்.

“எல்லாம் இதுல இருக்கும்மா. தமிழ்லயே போட்டிருக்கு.”

தமிழ்தான். ‘உறையினை அகற்றியபின் அளவினைத் தெரிவுசெய்க.’ இதை எழுதிய ஆள் வீட்டில் சோறு கேட்பதும் இப்படித்தானோ என்னவோ. பன்னிரண்டு படிகளும் முன்பக்கத்தில்; படங்கள் எல்லாம் கடைசிப் பக்கத்தில். ‘படம் 5 காண்க’ என்றது. புரட்டிக் கண்டுபிடிப்பதற்குள் படித்த வரி போய்விட்டது. வரிக்குத் திரும்பினால் படம் போய்விட்டது. ஒரு கையில் பேனா, மறுகையில் ஊசி, புத்தகத்தின் மேல் என் முழங்கை. பள்ளியில் செய்யுளை ஒரே மூச்சில் ஒப்பித்தவள் நான். ஒற்றை வரியை மண்டையில் நிறுத்த முடியவில்லை.

“இதெல்லாம் ஒரு வேலையா? குடு இப்புடி” என்று வாங்கினார் வீட்டுக்காரர். மூன்றாவது படியில் கண்ணாடி சரியில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஒருவழியாக நானே போட்டேன்.

“வலியே தெரியலடி. ஃபாரின் ஊசின்னா சும்மாவா?”

நான்கு நாள் இப்படியே போட்டேன். போட்ட இடம் ஈரமாக இருக்கும், பஞ்சால் துடைத்துவிடுவேன். ஐந்தாம் நாள் காலை நாக்கு வறண்டு, எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். கார் பிடித்துப் பெரம்பலூருக்கு ஓடினோம். சர்க்கரை ஏகத்துக்கு ஏறியிருந்தது. எப்படிப் போடுகிறாய் என்று டாக்டர் செய்துகாட்டச் சொன்னார். செய்தேன். அவர் ஊசியின் நுனியிலிருந்து மெல்லிய மூடி ஒன்றை உருவி என் கையில் வைத்தார். ஊசிக்கு இரண்டு மூடி. பெரியதை மட்டும்தான் கழற்றியிருந்தேன். நான்கு நாள் மருந்தும் வயிற்றின் மேல் வழிந்திருக்கிறது.

டைக்காரர் வந்தார். “படத்துல தெளிவா இருக்கேம்மா. நீங்க சரியாப் படிக்கல.”

படத்தில் அந்த மூடி எள்ளளவு. எழுத்தில் இரண்டுக்கும் ‘உறை’ என்று ஒரே பெயர்.

“சார், இந்தப் புக்கப் பாத்து, அதுல உள்ளபடி மட்டும் செஞ்சு காட்டுங்க.”

சிரித்துக்கொண்டே வாங்கினார். புரட்டினார், திரும்பப் புரட்டினார். ஆறாவது படியில் ஊசி தரையில் விழுந்தது.

“இது புது மாடல்மா” என்றார், வெட்கமே இல்லாமல்.

வீட்டுக்காரரை மூன்று நாள் படுக்கவைத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் கத்தரிக்கோலை எடுத்தேன். படங்களை வெட்டி ஒரு பெரிய அட்டையில் ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் நாங்கள் பேசுகிற மாதிரி எழுதினேன்: ‘பெரிய மூடியக் கழட்டு. உள்ள சின்னது இருக்கு, அதையும் கழட்டு.’ அன்றிலிருந்து பிசகவில்லை. சர்க்கரையும் மெல்ல இறங்கியது.

அடுத்தமுறை அட்டையைக் கொண்டுபோனபோது டைக்காரர் தன் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

“மத்தவங்களுக்கு உதவும்மா” என்றார்.

மன்னிப்புக் கேட்பார் என்று நான் நினைக்கவுமில்லை. அதற்கு, தவறு தன்னுடையது என்று முதலில் புரிய வேண்டுமே.