இமயமலை ராசாவும் எங்கள் யமுனாரியும்

“...அதுக்காக, ராசா எண்டு சொல்லிக்கொண்டு வாறவை எல்லாரையும் தலையிலை தூக்கி வைக்கேலுமோ? உவற்றை சப்பாத்தைப் பார் தம்பி, அடி தேய்ஞ்சு விரல் வெளியாலை எட்டிப் பாக்குது!”

என் அக்கா குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று இப்படிக் குசுகுசுத்தபோது, அந்த ராசா எங்கள் விறாந்தையில் இருந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். ஜப்பான்காரன் சண்டைக்கு வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆடி அமாவாசைக்கு இரண்டு நாள் இருக்கையில் நடந்தது இது. எங்கள் வீடு மாவிட்டபுரத்தில். அங்கிருந்து கீரிமலைத் தீர்த்தத்துக்கு நடந்தே போய்விடலாம். வீட்டில் நானும், கணவனை இழந்த அக்காவும்தான்.

ஆடி அமாவாசை என்றால் தகப்பனை இழந்த பிள்ளைகள் எல்லாம் கீரிமலையில் வந்து முழுகுவார்கள். மடங்களில் கால் வைக்க இடம் இருக்காது. தலைமன்னார் வழியாக ரயிலில் வந்து இறங்கிய வடநாட்டுக்காரர் ஒருவர், பாஷை தெரியாமல் மடத்து வாசலில் நிற்கிறார் என்று சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். மலாயாவில் ரயில் பகுதியில் வேலை செய்தபோது பஞ்சாபிக்காரரோடு வாயடித்து வாயடித்து இந்துஸ்தானி கற்றுக்கொண்டவன். வாய் உள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எனக்கு அந்த வாயால் பிழைப்பும் கிடைத்தது, விருந்தாளிகளும் கிடைத்தார்கள்.

மனிதருக்கு ஐம்பது வயதிருக்கும். நெட்டை உருவம், நரைத்த மீசை, ஒரு துணி மூட்டை, கையில் ஒரு செப்புக் குடம். குடத்தின் வாயைத் துணியால் கட்டியிருந்தார். வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான். அந்தக் குடம் தரையில் படக்கூடாது, தொங்கவிட ஓர் இடம் வேண்டும். விறாந்தைக் கூரை வளையில் கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தேன். வடக்கத்தியார் வழக்கம் ஏதோ என்று நினைத்தேனே தவிர, ஏன் என்று கேட்கவில்லை. எங்கிருந்து வருகிறார், யார் என்று விசாரித்தபோது, இமயமலைப் பக்கத்தில் ஒரு சின்ன ஜமீனுக்கு உரியவர், பழைய அரச வம்சம் என்றார். அதை நான் போய்ச் சொன்னதற்குத்தான் அக்காவின் அந்தப் பேச்சு.

அன்று மாலை இடியப்பமும் சொதியும் சாப்பிட்ட பிறகு அவர் தம் வம்சத்தின் கதையைச் சொன்னார். நான் தமிழாக்கிச் சொல்லிக்கொண்டு வர, அக்கா கதவு நிலையில் சாய்ந்து நின்று கேட்டாள்.

அவருடைய முன்னோர் சமவெளியில் ஒரு சண்டையில் தோற்று, வாளும் குலதெய்வமுமாக மலை ஏறியவர்களாம். ஒரு பெரிய ஆறு பாறையைப் பிளந்துகொண்டு இறங்கும் இடத்தில், மாடும் ஏற முடியாத முகட்டில் கோட்டை கட்டினார்களாம். ஒரு வரிசை கல், ஒரு வரிசை தேவதாரு மரம் என்று அடுக்கிய சுவர். மலை ஆடினாலும் அந்தச் சுவர் தானும் சேர்ந்து ஆடி நிற்குமாம். பனிக்காலத்தில் விடிந்ததும் ராசாவுக்கு முதல் வேலை, கோட்டை முகப்பில் நின்று கீழே உள்ள வீடுகளின் புகையைப் பார்ப்பது. எந்தக் கூரையில் புகை இல்லையோ அந்த வீட்டுக்கு மாவும் விறகும் போகவேண்டும். அது எழுதாத சட்டம்.

பிறகு நேபாளத்துக் கூர்க்கர் படையெடுத்து வந்தார்கள். கோட்டை எரிந்தது. அவர்களைத் துரத்த உதவிக்கு வந்த வெள்ளைக்காரன், துரத்தி முடித்ததும் பள்ளத்தாக்கைத் தன்னுடையதாக்கிக்கொண்டு, முகட்டையும் அதைச் சுற்றிய சில ஊர்களையும் மட்டும் ‘இந்தா, பிழைத்துப்போ’ என்று திருப்பிக் கொடுத்தான். அரசு ஜமீனாகிவிட்டது.

“இடத்தைக் குடுத்தால் மடத்தைப் பிடுங்கிற சாதி! இஞ்சை பறங்கி வந்து செய்ததும் உதுதானே,” என்றாள் அக்கா. பிறகு, “இப்பவும் புகை பாக்கிறவரோ எண்டு கேள்,” என்றாள்.

கேட்டேன். அவர் சிரித்தார். இப்போது அனுப்புவதற்கு அவ்வளவு மா இல்லை, ஆனாலும் பார்க்காமல் பல் விளக்குவதில்லை என்றார். 

அக்கா, “ஆனை படுத்தாலும் குதிரை மட்டம், தம்பி,” என்று மெல்லச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு சப்பாத்தைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை.

அந்த மரியாதைதான் அடுத்த நாள் வினையாகிப் போனது. விடியப்புறம் அவரைக் கீரிமலைக்கு முழுகக் கூட்டிக்கொண்டு போனேன். நாங்கள் திரும்பி வந்தபோது விறாந்தை வளையில் குடம் பொன் போல மின்னிக்கொண்டு தொங்கியது. அக்கா பெருமையோடு வாசலில் நின்றாள். ராசா வீட்டுக் குடம் களிம்பேறிக் கிடக்கலாமா என்று, உள்ளே கிடந்த பழந்தண்ணீரை வாழையடியில் ஊற்றிவிட்டுப் பழப்புளியும் சாம்பலும் போட்டு மினுக்கியிருக்கிறாள். யாழ்ப்பாணத்து வீட்டில் விருந்தாளியின் பாத்திரத்துக்கு இதைவிட என்ன மரியாதை செய்ய முடியும்?

அவர் குடத்தைத் தொட்டு ஆட்டிப் பார்த்தார். வெறுங்குடம். அப்படியே தூணைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். “நான் என்ன செய்துபோட்டன்? கேள். கேட்டுச் சொல்லு.”

கேட்டேன். அவர் மெல்லச் சொன்னார். நேர்த்தி முடியும் முன் அதை வாயால் சொல்லக்கூடாது என்பது அவர்கள் வழக்கமாம். அதனால்தான் முதல் நாள் சொல்லவில்லை. அந்த வம்சத்தில் பட்டத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் தம் கோட்டைக்குக் கீழே ஓடும் ஆற்று நீரை எடுத்துக்கொண்டு தென்கடல் வரைக்கும் வந்து, சிவனுக்குக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். அப்போதுதான் அவர் அந்த மண்ணுக்கு உரியவர். அவருடைய தகப்பனார் அதிகாரிகளோடு முரண்பட்டதால், எல்லை தாண்ட அனுமதி இல்லாமல் வாழ்ந்து இறந்தவர். மகன் இரண்டு பங்காக நீர் கொண்டு வந்தார். தம் பங்கை இராமேசுவரத்தில் கொடுத்தாயிற்று. மிச்சம் தகப்பன் பங்கு. அதை ஆடி அமாவாசையன்று கீரிமலைச் சிவனுக்குக் கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால் தகப்பனார் பெயர் அந்த வம்ச வரிசையில் சேராது.

இதை அக்காவுக்கு எப்படிச் சொல்வது, அவள் செய்ததை அவருக்கு எப்படிச் சொல்வது? பூனை தட்டிவிட்டது என்று சொல்லலாமா என்று ஒரு கணம் மனம் ஓடியது. அக்கா விடுவாளா?

“டேய், பூனை கீனை எண்டு சொல்லிப்போடாதை! உன்ரை முழி எனக்குத் தெரியும். நான்தான் ஊத்தினனான் எண்டு நேரை சொல்லு.”

சொன்னேன். அவர் சொன்னதையும் அவளுக்குச் சொன்னேன். அவள் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் கேட்டது வேறு.

“எந்த ஆறாம்?”

“யமுனையாம்.”

“யமுனையோ?” தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள். “யமுனை எண்டால் எங்கடை நல்லூரிலை கிடக்கெல்லோ! காரைப் பிடி, தம்பி.”

நல்லூரில் பழைய அரண்மனைப் பக்கத்தில் பகர வடிவில் கட்டிய ஒரு கேணி உண்டு. யமுனா ஏரி என்பதை யமுனாரி என்போம். எங்கள் ராசா ஒருவர் யமுனை நீரைக் காவடியில் எடுப்பித்து வந்து அதில் ஊற்றினார் என்பது எங்களூர்க் கதை. நான் சின்ன வயதிலிருந்து கேட்டதுதான். ஆனால் கதை வேறு, தகப்பன் கடன் தீர்க்க வந்தவரிடம் அந்தக் கதையை நீட்டுவது வேறு. ஆனாலும் குடத்தையும் எடுத்துக்கொண்டு மூவரும் வாடகைக் காரில் போனோம். 

கேணியைக் கண்டதும் என் மானமே போயிற்று. படிக்கட்டில் புல், தண்ணீரில் பாசி, மேலே உதிர்ந்த இலை. அரண்மனை எங்கே என்று அவர் கேட்டார். வெறுந்தரையைக் காட்டினேன். போர்த்துக்கேயப் பறங்கி வந்து எல்லாம் போய்விட்டது, இந்த நீர்தான் மிச்சம் என்று, காவடிக் கதையையும் சொல்லி முடித்தேன். சொல்லும்போது என் காதுக்கே அது பாட்டிமார் கதை போலத்தான் கேட்டது.

அவர் படியில் இறங்கினார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, பாசியை விரலால் ஒதுக்கி, ஒரு கை நீர் அள்ளிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“என் வீட்டைப் பார்க்க வருகிறவர்களுக்கு நானும் இப்படித்தான் கரியையும் பாசியையும் காட்டுகிறேன்,” என்றார். “எங்கள் ஆற்றை இவ்வளவு தூரம் தோளில் சுமக்க ஓர் அரசன் நினைத்தானே! ஒரு துளி விழுந்தால் கிணறு முழுவதும் அந்த ஆறுதான். அவன் கொண்டுவந்து ஊற்றியது எப்படித் தீரும்?”

அதை அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். எங்கள் ராசாவை இன்னொரு நாட்டு ராசா வாயார ‘அரசன்’ என்று சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவர் குடத்தை நிரப்பினார். பிறகு மேலே ஏறி வந்து, அதை அக்காவிடம் நீட்டினார். நல்லூர் ராசாவின் நீரை அந்த நாட்டார் ஒருவர் சுமந்து தரவேண்டும், அதுதான் முறை என்றார்.

அக்கா இரண்டடி பின்னால் போனாள். “ஐயோ, நான் வெள்ளைச் சீலைக்காரி. அபிஷேக நீரைத் தொடலாமோ? சொல்லு தம்பி அவருக்கு.”

சொன்னேன். அவர் கையைப் பின்னுக்கு இழுக்கவில்லை. கூர்க்கர் கோட்டையை எரித்தபோது ராசா களத்தில் இறந்துபோனார். பட்டத்துப் பிள்ளை தொட்டிலில். அந்த முறை ஆற்று நீரைத் தென்கடல் வரைக்கும் சுமந்து வந்தது கணவனை இழந்த ராணிதான். அவள் சுமக்காவிட்டால் எங்களுக்கு வம்சமே இல்லை என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். சேலையை இடுப்பில் இறுக்கிச் செருகினாள். குடத்தை வாங்கித் தலையில் வைத்தாள். நான் காரின் கதவைத் திறந்தேன். அவள் காரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

கீரிமலைக்குப் பத்து மைலுக்கு மேல் இருக்கும். கொதிக்கிற ஆடி வெயில், கண்ணில் மண்ணை அள்ளிப் போடுகிற ஆடிக் காற்று. எங்களுக்கும் ஓர் அரசு இருந்தது என்று யாராவது கதைக்கத் தொடங்கினால், இன்றைக்கும் என் மனக்கண்ணில் வருவது கோட்டையும் இல்லை, கொடியும் இல்லை. சப்பாத்தைக் கையில் பிடித்தபடி இமயமலை ராசா வெறுங்காலோடு பின்னால் வர, வெறுங்கார் அதற்கும் பின்னால் ஊர்ந்து வர, நிமிர்ந்த கழுத்தோடு வடக்கே பார்த்து என் அக்கா நடந்த அந்த நடைதான்.