கோட்டுக்கு உள்ளே இருந்த கால்

எங்கள் வீட்டில் உரத்த குரல் என்னுடையது. இருபது வருடத்துக்கு மேல் ராணுவத்தில் இருந்துவிட்டு ராஜபாளையத்துக்குத் திரும்பி, இப்போது ஒரு நூற்பாலையில் கேட் டூட்டி பார்க்கிறேன். என் மகள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. அவள் பிள்ளைகளை அதட்டி நான் கேட்டதே இல்லை. இப்படி மெதுவாகப் பேசினால் எல்லாரும் தலையில் ஏறி உட்காருவார்கள் என்று அவளிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் சாந்தகுணம் பற்றிப் பிரசங்கம் வந்தால், அது வயதாகி ஓய்ந்தவர்களுக்குச் சொல்வது என்றே எடுத்துக்கொள்வேன்.

போன வருடம் ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிப் பெண்களுக்கான கபடிப் போட்டி நடந்தது. இறுதியாட்டத்துக்கு அவள்தான் நடுவர். பைக்கில் நான்தான் கூட்டிப் போனேன்.

கடைசி ரெய்டு. சேத்தூர்ப் பக்கத்து அணி ஒரு பாயிண்ட் பின்தங்கியிருந்தது. அந்த அணியின் ஒல்லியான பெண் ஒருத்தி பாடிக்கொண்டே போய், இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பி ஓடி வந்தாள். என் மகள் விசில் ஊதினாள். தொடுவதற்கு முன்பே அந்தப் பெண்ணின் கால் பக்கக் கோட்டைத் தாண்டிவிட்டது, அவுட் என்றாள். ஆட்டம் முடிந்தது.

அந்த அணியின் பயிற்சியாளர் ஆடுகளத்துக்குள் ஓடி வந்தார். "கண்ணு தெரியாதவளுக்கு எதுக்கு விசிலு? எவன் ஒன்னைய நடுவரா போட்டது?" என்று கத்தினார். அதற்கு மேல் அவர் பேசியதை எழுத முடியாது. நான் கயிற்றைத் தாண்டி உள்ளே குதித்துவிட்டேன். மகள் என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். அங்கேயே நின்றேன்.

"அண்ணே, நான் பாத்ததைத்தான் சொன்னேன். ஒங்களுக்குச் சந்தேகம்னா எழுதிக் குடுங்க" என்றாள். அவர் இன்னும் கத்தினார். அவளும் அதையே, அதே குரலில் திரும்பச் சொன்னாள்.

"ஒரு அதட்டு போட்டிருந்தா அடங்கியிருப்பான்லம்மா" என்றேன், வரும் வழியில்.

"அவரு அடங்க மாட்டாருப்பா. நின்னு பாக்குற பிள்ளைகதான் மிரளும்."

மறுநாள் காலையில் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அந்த ரெய்டின் வீடியோவைப் போட்டிருந்தார்கள். அவள் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். பிறகு போனை என்னிடம் நீட்டினாள். "அப்பா, நான் தப்பா குடுத்துட்டேன்." பார்த்தேன். ஒரு விரற்கடை இடைவெளிதான். ஆனால் கால் கோட்டுக்கு உள்ளேதான் இருந்தது.

"கப்பைக் குடுத்தாச்சு. யாரும் கேக்கல. விட்டுரு" என்றேன்.

அவள் போட்டி நடத்தியவர்களுக்குப் போன் செய்து சொன்னாள். இனி முடிவை மாற்ற முடியாது என்றார்கள். போனை வைத்துவிட்டு, "சேத்தூருக்குக் கூட்டிட்டுப் போறீங்களா, நான் பஸ்ல போகவா?" என்றாள்.

"அந்தப் பேச்சு பேசுனவன்ல வந்து மன்னிப்பு கேக்கணும்?"

"அவரு பேசுனது அவரு பாடுப்பா. அந்தப் பிள்ளை கோட்டை மிதிக்கலையே."

சாயங்காலம் நாங்கள் போனபோது மைதானத்தில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. அந்த ஒல்லிப் பெண் மட்டும் ஆட்டத்தில் சேராமல், பள்ளிச் சீருடையோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் பயிற்சியாளர் கையைக் கட்டிக்கொண்டார்.

"அண்ணே, நேத்து நான் குடுத்தது தப்பு. வீடியோவில பாத்தேன். முடிவை மாத்த முடியாதுன்னுட்டாங்க. அந்தப் பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்."

"இப்ப சொல்லி என்ன பிரயோசனம்?"

"கப்பு விஷயத்துல ஒரு பிரயோசனமும் இல்லண்ணே. அந்தப் பிள்ளைக்கு இருக்கும்."

அவர் கட்டியிருந்த கையை எடுத்துவிட்டு எல்லாரையும் கூப்பிட்டார். முப்பது பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். அத்தனை பேர் முன்னாலும் என் மகள் அந்தப் பெண்ணிடம் சொன்னாள்: "நீ கோட்டை மிதிக்கலம்மா. நான்தான் சரியா பாக்கல. டீம் தோத்ததுக்கு நீ காரணம் இல்ல. என்னைய மன்னிச்சிரு."

அந்தப் பெண் அழுதுவிட்டாள். "நான் அப்பவே சொன்னேன் டீச்சர். ஒருத்தரும் நம்பல."

பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "போ, டிரெஸ் மாத்திட்டு வா. ஆடணும்ல" என்று பயிற்சியாளர் அந்தப் பெண்ணை அனுப்பினார். என் மகளிடம் மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் வெளிக்கேட் வரை எங்களோடு நடந்து வந்தார். பைக் கிளம்பும்போது, "பாத்துப் போங்க டீச்சர்" என்றார். முந்தின நாள் ஒருமையில் ஏசிய அதே ஆள்தான். எனக்கு அது போதவில்லை. அவளோ அவரிடமிருந்து எதையுமே எதிர்பார்த்துப் போகவில்லை.

எல்லையில் குண்டுச் சத்தத்துக்கு நடுவே நின்றிருக்கிறேன். ஆனால் என்னை ஏசியவனின் இடத்துக்கு நானே தேடிப் போய், அவன் பிள்ளைகள் முன்னால் "தப்பு என்னுடையது" என்று சொல்லும் தைரியம் எனக்கு இருந்ததில்லை. நான் கோழைத்தனம் என்று நினைத்திருந்த குணம்தான் அவளை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது.

விஷயம் மில் வரைக்கும் வந்துவிட்டது. "என்னண்ணே, நடுவரே போயி மன்னிப்பு கேட்டாளாம்ல? மரியாதை போயிராதா?" என்றார் ஷிப்டு முடிந்து வெளியே வந்த ஒருவர்.

"கேட்டது எம்மவதான்" என்றேன். "நான் கூட நின்னு பாத்தேன்."