பஸ் டிரைவர் முதலாளியாயிருந்த பட்டறை

அந்த இரும்புப் பட்டறைக்கு இரண்டு முதலாளிகள். ஒருவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவருக்கு ஒரு கம்பியை இன்னொரு கம்பியோடு ஒட்டத் தெரியாது. இன்னொருத்தி உள்ளே வெல்டிங் முகமூடியோடு பொறி பறக்கக் குந்தியிருப்பாள். அவள்தான் முதலாளி என்று வெளியில் யாருக்கும் தெரியாது.

முதலில் அவளேதான் வாசலில் நின்றாள். வந்தவர்களெல்லாம், "ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா?" என்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். வேறொரு பட்டறையில் கூட்டிப் பெருக்கப் போய், பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்ட வேலை. கணவர் கையெழுத்துப் போட்ட பிறகே வங்கி கொடுத்த கடனில் வாங்கிய மெஷின். அது சும்மா கிடப்பதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. கடைசியில், பஸ் ஓட்டும் அந்தக் கணவரிடமே போய் நின்றாள்.

"ஏங்க, லீவு நாள்ல வந்து வாசல்ல உக்காருங்க. வாயத் திறக்காதீங்க, அது போதும்."

"கல்யாணம் ஆனதுலேருந்து அதைத்தானே செய்யறேன்!"

அவர் உட்கார்ந்தார். ஜன்னல் கம்பி, கேட் என்று வேலை வரத் தொடங்கியது.

ஒருநாள், பள்ளிக்கூடத்துக்கு மாடி கட்டும் கான்ட்ராக்டர் ஒருவர் வந்தார். மாடிப்படிக்கு முழுக்கக் கைப்பிடி போட வேண்டுமாம். அதுவரை அவளுக்கு வந்ததிலேயே பெரிய வேலை. கிடைத்தால் இன்னும் இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று உள்ளே இருந்தபடியே மனக்கோட்டை கட்டினாள்.

"ஒரு வாரத்துல முடிச்சிருவீங்களா சார்?"

கணவர் வாயைத் திறந்துவிட்டார். "தாராளமா!"

அவளுக்குக் கை நின்றது. முடிக்கலாம்தான். இணைப்புகளில் அங்கங்கே புள்ளி வைத்தாற்போல் ஒட்டி, மேலே பெயின்ட் பூசிவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் மணியடித்ததும் மாடிப் பிள்ளைகள் மொத்தமும் அந்தக் கம்பியில் சாய்ந்துகொண்டுதான் இறங்கும். முகமூடியைக் கழற்றிவிட்டு வெளியே வந்தாள்.

"ஒரு வாரத்துல ஆகாதுங்க. மூணு வாரம் வேணும்."

கான்ட்ராக்டர் கணவரைப் பார்த்தார். "என்ன சார், வேலைக்காரம்மா இப்படிச் சொல்றாங்க?"

கணவர் நாற்காலியை விட்டு எழுந்தார். "நான் பஸ் ஓட்டறவன் சார். முதலாளி அவங்கதான். அவங்க ஆகாதுன்னா ஆகாது."

"நல்லா நாடகம் போடறீங்க!" கான்ட்ராக்டர் விருட்டென்று கிளம்பிப் போனார்.

"கெடுத்துட்டேனா?" என்றார் கணவர் மெதுவாக.

"நீங்க ஆரம்பிச்சீங்க, நான் முடிச்சு வெச்சேன். இனிமே நீங்க உக்கார வேண்டாங்க. யார் வந்தாலும் என்னைப் பாத்தே பேசட்டும்."

அதன்பின் சில வாரம் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. அவள் பட்டறையைத் திறந்து வைத்தபடியே இருந்தாள். ஒரு காலை அதே கான்ட்ராக்டர் வந்து, வாசலில் நாற்காலியைத் தேடினார்.

"சார் இல்லையா?"

"பஸ் ஓட்டப் போயிருக்காரு."

"வேற பட்டறையில குடுத்தேன். ஒரு வாரம்னு சொன்னவன் ரெண்டு வாரமா போனையே எடுக்கல..." தலையைச் சொறிந்தார். "நீங்க மூணு வாரம்னு..."

"இப்பவும் மூணு வாரந்தான்."

அன்றே பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். கைப்பிடியில்லாத படிக்கட்டின் அடியில் நின்று, அவள் அளவெடுக்கும் டேப்பின் ஒரு முனையை அவரிடம் நீட்டினாள்.

"இதைப் பிடிச்சுட்டு மேல போங்க சார். பாத்து, சுவரோரமா."

அவர் மறுபேச்சில்லாமல் ஏறினார்.