ஒறுத்தல் கட்டத்தில் ஒரு பாட்டு

எழுபதுகளில் ஒரு தவக்காலத்தில், ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர், செய்ததைக் குறித்து வைக்க ஆளுக்கொரு அட்டை கொடுத்தார். செபமாலைக்கு ஒரு கட்டம், பூசைக்கு ஒரு கட்டம், ஒறுத்தலுக்கு ஒரு கட்டம். பிடித்ததை விட்டுக்கொடுத்தால் ஒறுத்தல். வெள்ளிக்கிழமை இறைச்சியை விடுவதெல்லாம் எங்கள் கடற்கரையில் ஒறுத்தலில் சேராது. எங்களுக்குத்தான் மீன் இருக்கிறதே. நான் முந்திரி மக்ரூன் தின்பதை விட்டேன், மூன்று நாள். அந்த வருடம் நான்காவதாக ஒரு கட்டமும் இருந்தது: பிறர் மகிழ்ச்சியில் பங்கெடுத்தல்.

அதே வாரம், ஈஸ்டர் காலைப் பூசையில் தனியாகப் பாட ஆள் எடுத்தார்கள். எனக்குத்தான் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். கிடைத்தது அடுத்த வீட்டுக்காரிக்கு, என் உயிர்த் தோழிக்கு. பதினான்கு வயதில் அதைவிடப் பெரிய அநியாயம் உலகத்தில் கிடையாது.

அவள் தினமும் சாயங்காலம் எங்கள் வாசலுக்கு வந்து பாடிக் காட்டினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "நல்லாருக்குளா" என்பேன். உடனே உள்ளே போய் அட்டையில் குறிப்பேன். நான்காவது கட்டத்தில் அல்ல. எனக்கும் மனசாட்சி உண்டு; ஒறுத்தல் கட்டத்தில்தான். 'அவள் பாட்டைப் பாராட்டியது.' ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறுக்குள் பதினேழு சேர்ந்துவிட்டது.

அன்று அட்டைகளை வாங்கி அடுக்கும் வேலையை சிஸ்டர் அவளிடம் கொடுத்துவிட்டார். என் அட்டையைப் படித்தாள். சாயங்காலம் வாசலுக்கு வரவில்லை.

மறுநாள் தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "நான் பாடல. சிஸ்டர்ட்ட சொல்லப் போறேன். ஏளா, அவ்வளவு மோசமாவா பாடுதேன்?"

அவள் விலகினால் பாட்டு எனக்குத்தான். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். குடம் பாதி நிறையும்வரை அப்படித்தான் இருந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

"மோசமாப் பாடியிருந்தா, சந்தோசமா நாலாவது கட்டத்துல எழுதியிருப்பேன்ளா. நல்லாப் பாடித் தொலைக்கியே, அதான் ஒறுத்தல்."

அவள் என்னை முறைத்தாள். பிறகு குடம் நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் சிரித்தாள்.

ஈஸ்டர் காலையில் அவள் பாடினாள். குரல் மேலே போன இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு அம்மாவை இடித்து, "எங்க அடுத்த வீட்டுப் பிள்ளையாக்கும்" என்றேன். பாடியது நானே என்பதுபோல அவ்வளவு சந்தோஷம்.

எழுத வேண்டியது அதைத்தான். ஆனால் அட்டை சிஸ்டரிடம் போய்விட்டது, நான்காவது கட்டம் காலியாகவே.