முப்பது பேருக்கும் ஒரே தப்பு

"தவறு செய்யவிடுங்கள், மாணவர்கள் வளர்வார்கள்" என்று போன வாரம் டெல்லி லோதி ரோட்டில் ஒருநாள் முழுக்க எங்கள் கல்லூரி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள்.

அதை நம்பி இன்று கெமிஸ்ட்ரி லேபில் அறிவித்தேன்: டைட்ரேஷனில் செய்த தப்பை மறைக்காமல் ஃபைலில் எழுதினால் ஐந்து மார்க்.

முப்பது பேரும் எழுதினார்கள். முப்பது பேருக்கும் ஒரே தப்பு: "பியூரெட்டில் இருந்த காற்றுக்குமிழியைக் கவனிக்கவில்லை."

ஜனக்புரியிலிருந்து வரும் தமிழ்ப் பெண்ணைக் கேட்டேன். "உன் தப்பு எங்கேம்மா?"

"என் தப்பை எழுதி, அது தப்பா இருந்தா நம்பர் போயிடுமே மேம்! அதான் டாப்பரோடதைப் பாத்து எழுதிட்டேன்."

திட்ட வாயைத் திறந்தபோதுதான் நினைவுக்கு வந்தது: பயிற்சி முடிந்ததும் கொடுத்த கருத்துப் படிவத்தை நானே பக்கத்து சீட்டு பிசிக்ஸ் சாரைப் பார்த்துத்தான் நிரப்பினேன்.

சார், நீங்கள் யாரைப் பார்த்து எழுதினீர்கள்?