ரத்தம் கெட்டிப்பட ஒரு சபையே ஜெபித்தது

எனக்கு நாடி தவறியது எழுபதுகளின் நடுவில், புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த சமயம். சரக்குக் கப்பலின் ஏணியில் பாதி ஏறியிருந்தேன். நெஞ்சுக்குள் உயிர்மீனைப் பையில் போட்டுக் கட்டியதுபோல ஒரு துள்ளல். கீழே இறங்கிக் கைக்கடிகாரத்தைப் பார்த்து நாடியை எண்ணினேன். எண்ண வரவில்லை. மூன்று அடி சேர்ந்து வரும், ஒன்று தாமதிக்கும், பிறகு இரண்டு முந்திக்கொண்டு ஓடும். கப்பலில் ஏறும் மூட்டையையும் இறங்கும் மூட்டையையும் எண்ணிச் சரிபார்ப்பதுதான் என் உத்தியோகம். மூட்டைகள் ஒத்துப்போய், சொந்த நாடி ஒத்துப்போகாதது எனக்கு மூச்சிரைப்பைவிடப் பெரிய அவமானமாக இருந்தது.

மதுரையில் ஓர் இதய டாக்டரிடம் போனேன். "இதயத்தோட மேல் அறை அடிக்கல, நடுங்குது," என்றார். தூங்கவைத்து நெஞ்சில் மின்சார அதிர்ச்சி கொடுத்தால் ஒழுங்குக்கு வரலாம். அந்த இயந்திரம் அவருடைய ஆஸ்பத்திரியில் இருந்தது. ஆனால் உடனே கொடுக்க முடியாது. நடுங்கும் அறையில் ரத்தம் தேங்கிக் கட்டி பிடித்திருக்கலாம். இதயம் திடீரென்று ஒழுங்காக அடிக்கத் தொடங்கினால் அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போய்விடலாம். ஆகவே ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் மாத்திரையை முதலில் சாப்பிட வேண்டும். வாரந்தோறும் மதுரைக்கு வந்து பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். மற்றவர்களுடைய ரத்தம் உறைய ஆகும் நேரத்தைப்போல இரண்டு மடங்கு ஆக வேண்டும் என்னுடையதற்கு. தொடர்ந்து மூன்று வாரம் அந்த அளவில் நின்றால் அதிர்ச்சி உண்டு. நிற்காவிட்டால் கிடையாது. கப்பல் ஏணியை மறந்துவிட்டு, மேஜைக்குப் பின்னால் இரைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

மாத்திரையின் பெயர் வார்ஃபரின். அந்தப் பெயரை எங்கோ பார்த்த நினைவு. மறுநாள் துறைமுகத்தின் சரக்குக் கிட்டங்கிக்குள் போனபோது விளங்கிவிட்டது. எலிகளுக்கு வைக்கும் விஷத் தகரத்தில் அதே எழுத்துகள். அடுத்த தடவை டாக்டரிடம் கேட்டேன். "அதே சரக்குதான். எலிக்கு அளவு வேற, உங்களுக்கு அளவு வேற," என்றார். அளவில்தான் எல்லாம் இருக்கிறது என்பது நான் ஏற்கெனவே நம்பிவந்த கொள்கை. ஆகவே மனம் சமாதானப்பட்டது. என் மனைவியிடம் மட்டும் தகரத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

அவளுக்கு மாத்திரையின் வேலையைச் சொன்னதே அதிகமாகிப்போனது. எங்கள் பக்கத்து நாசரேத் ஊரில் பிறந்து, அங்கேயே ஆசிரியைப் பயிற்சியும் முடித்தவள், கேள்வி கேட்காமல் விடமாட்டாள்.

"ரத்தத்தத் தண்ணியாக்கவா மாத்திரை? இருக்கதே ஒரு கிண்ணம். அதையும் தண்ணியாக்கிட்டா அப்புறம் உடம்புல என்னதான் ஓடும்?"

"ஏளா, அது வைத்தியம்."

"என்ன வைத்தியமோ! ஊர்ல எல்லாரும் ரத்தம் ஊற மருந்து சாப்பிடுதாக. நம்ம வீட்ல மட்டும் தலைகீழ்."

அந்த வாரமே பெண்கள் ஜெபக்கூட்டத்தில் ஐயரம்மாவிடம் சொல்லிவிட்டாள். எங்கள் பக்கத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்போம், அவர் மனைவியை ஐயரம்மா என்போம். ஐயரம்மா ஐயரிடம் சொன்னார். சொல்லும்போது மாத்திரை விடுபட்டுப்போயிற்று. தண்ணியான ரத்தம் மட்டும் மிஞ்சியது.

ஞாயிறு ஆராதனையில் நோயாளிகளுக்காக ஜெபிக்கும் இடம் வந்தது. ஐயர் கண்ணை மூடி, கனத்த குரலில் தொடங்கினார். "எங்கள் சகோதரனுடைய ரத்தம் தண்ணீரைப்போல் ஆயிற்று, ஆண்டவரே. அதைத் திரும்பவும் கெட்டிப்படுத்தும்."

சபை முழுக்க ஆமென் என்றது. பழக்கதோஷத்தில் நானும் சொல்லிவிட்டேன்.

ஜெபத்தோடு நிற்கும் சபை அல்ல எங்களுடையது. ஒரு வீட்டில் நோய் என்றால் பெண்கள் முறைவைத்துச் சாப்பாடு கொண்டுவருவார்கள். திங்கட்கிழமை முருங்கைக்கீரை சூப் வந்தது. அடுத்த நாள் மிளகு தூக்கலாக ஆட்டு ஈரல். அதற்கடுத்து அரைக்கீரைக் கடைசல். ஐயரம்மா வந்தால் சூப்பும் கடைசலும் சேர்ந்து வரும், நான் குடித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருப்பார். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னாரே தவிர, கீரையைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. பாத்திரங்களை யாருக்கு எது என்று சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பினேன். முகத்தில் ஒரு களை வந்திருப்பதாக அலுவலகத்தில் சொன்னார்கள்.

ரத்தப் பரிசோதனையில் அந்தக் களை வேறு விதமாகத் தெரிந்தது. முதல் வாரம் கொஞ்சம் தாமதமாக உறைந்த ரத்தம், அடுத்த வாரம் எல்லோருடையதையும்போல உறைந்தது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். கூட்டியும் அசையவில்லை. மறுபடி கூட்டிவிட்டு, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"உண்மையைச் சொல்லுங்க. மாத்திரை சாப்பிடுறீங்களா?"

சாயங்காலம் ரேடியோவில் செய்தி தொடங்கும்போது வாயில் போட்டு, செய்தி வாசிப்பவர் தன் பெயரைச் சொல்லி முடிக்குமுன் விழுங்கும் மனிதன் நான். புட்டியை எடுத்து, மீதியை எண்ணிக் காட்டினேன்.

"தூக்கிப் போட்டாலும் எண்ணிக்கை சரியாத்தானே இருக்கும்?" என்றார். "இன்னும் ஒரு தடவை பாக்குறேன். அப்பவும் இப்படித்தான்னா ஷாக் யோசனையை விட்டுருவோம். பயந்து மாத்திரையை விழுங்காதவங்களுக்கு அதைக் கொடுத்து, கட்டி மூளைக்குப் போச்சுன்னா யார் பொறுப்பு?"

என் வாழ்நாளில் என் எண்ணிக்கையை யாரும் சந்தேகப்பட்டதில்லை. அன்று இரைத்தது நோயாலா கோபத்தாலா என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

அடுத்த தடவை மனைவி சாட்சிக்கு வந்தாள். டாக்டர் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அவள் பொறுக்கவில்லை.

"டாக்டர், நான் கண்ணால பாக்கேன். ஒரு வேளை தவறல. மாத்திரையும் தவறல, அதுக்கு மேல சூப்பும் தவறல."

"என்ன சூப்?"

அதைச் சொல்வானேன் என்று பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பஸ் பயணத்துக்கென்று ஐயரம்மா கொடுத்துவிட்டது. டாக்டர் மூடியைத் திருகி மோந்துபார்த்தார்.

"முருங்கைக்கீரையா? எத்தனை நாளா?"

"தினமும் டாக்டர். நீங்க தண்ணியாக்குனா, அவுகளுக்குத் தெம்பு வேண்டாமா? ஈரலும் உண்டு. சபையே முறைவச்சுக் குடுக்கு."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். அவர் சிரிக்கிறாரா கோபப்படுகிறாரா என்பது முதலில் பிடிபடவில்லை. தோள் குலுங்கியது.

"ஏம்மா, நான் ஒருத்தன் இந்தப் பக்கம் இழுக்கிறேன், நீங்க ஒரு சபையே சேர்ந்து அந்தப் பக்கம் இழுக்கிறீங்களா? கீரையில இருக்கிற சத்துதான் இந்த மாத்திரைக்கு முறிவு மருந்தே!" பிறகு என் பக்கம் திரும்பினார். "மன்னிச்சுக்கங்க. நீங்க விழுங்கிட்டுத்தான் இருந்திருக்கீங்க."

கூட்டிய மாத்திரையைக் குறைத்து எழுதினார். கீரை நின்றபின் பழைய அளவைத் தொடர்ந்தால் பல் தேய்த்தாலே ரத்தம் நிற்காது என்றார். வாரக் கணக்கைப் புதிதாகத் தொடங்கச் சொன்னார்.

திரும்பும்போது மனைவி பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். ஊர் நெருங்கியதும் சொன்னாள்: "டாக்டர்ட்ட பேசுனது பெருசில்ல. ஐயரம்மாட்ட பேசணுமே."

பேசினாள். நான் அடுத்த அறையில் சவரம் செய்துகொண்டிருந்தேன். கீறல் விழக்கூடாது என்பதால் மெதுவாக, ஆகவே முழுவதும் கேட்டது.

"ரத்தம் தண்ணியா இருக்கணும்னு எந்த டாக்டராவது சொல்லுவாரா? நீ சரியாக் கேட்டியா?" என்றார் ஐயரம்மா.

"பக்கத்துல உக்காந்து கேட்டேன் ஐயரம்மா. உங்க சூப்ப மோந்துபாத்துட்டுத்தான் சொன்னாரு."

"மோந்துபாத்தாரா? குடிச்சுப் பாத்திருந்தா அப்படிச் சொல்லியிருக்க மாட்டாரு."

சாயங்காலம் ஐயரே வந்தார். நல்ல மனிதர். உண்மையாகவே கலங்கிப்போயிருந்தார்.

"தம்பி, முழுச் சபையும் நாலு வாரமா கெட்டியாக்கும் கெட்டியாக்கும்னு கேட்டிருக்கோம். அது கேட்கப்பட்டுப்போச்சோ என்னமோ!"

"அது கீரையோட வேலைன்னு டாக்டர் சொல்லுதாரு, ஐயரே."

"இருக்கட்டும். இப்ப என்னன்னு ஜெபிக்க? ரத்தத்தத் தண்ணியாக்கும்னு பீடத்துல நின்னு கேக்க எனக்கு நா எழுமா? சாபம் குடுத்த மாதிரிலா இருக்கும்!"

"முழுசாத் தண்ணியாவும் வேண்டாம், ஐயரே. இரண்டு மடங்கு நேரம். அதுக்கு மேலயும் கூடாது, கீழயும் கூடாது."

இரண்டு மடங்கு, இரண்டு மடங்கு என்று முணுமுணுத்தபடி அவர் கிளம்பினார். ஞாயிறன்று அதே இடம் வந்ததும் தொண்டையைச் செருமினார். "எங்கள் சகோதரனுடைய ரத்தத்தை, ஆண்டவரே, மதுரை டாக்டர் விரும்புகிற அளவில், ஏறாமலும் இறங்காமலும் காத்தருளும்." ஆமென் வரச் சற்றுத் தாமதமாயிற்று. பலர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்கள்.

சாப்பாடு நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை, திசை மாறியது. ரத்தம் தண்ணியாக வேண்டுமென்றால் தண்ணியான பதார்த்தம் கொடுக்க வேண்டும் என்று பெண்கள் கூடி முடிவுசெய்துவிட்டார்கள். நீர்மோர் வந்தது. இளநீர் வந்தது. பருப்பே கண்டிராத ரசம் வந்தது. ஐயரம்மா கொண்டுவந்த கஞ்சியில் என் முகம் தெரிந்தது. இவற்றால் மாத்திரைக்கு நன்மையும் இல்லை, கெடுதலும் இல்லை. எல்லாவற்றையும் குடித்தேன்.

ரத்தம் உறையும் நேரம் ஏறி, டாக்டர் கேட்ட அளவில் நின்றது. அடுத்த வாரமும் நின்றது. அதற்கடுத்த வாரம் சீட்டைப் பார்த்ததும் டாக்டர் மணியடித்துக் கட்டிலுக்கு ஏற்பாடு செய்தார்.

அதிர்ச்சியைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. கையில் ஊசி போட்டார்கள். மேலே காற்றாடியின் இறக்கைகளை எண்ணத் தொடங்கினேன். கண் திறந்தபோது நெஞ்சில் வெயிலில் கருகியதுபோல் ஓர் எரிச்சல், உள்ளே துள்ளல் இல்லை. அவ்வளவு அமைதியாக இருந்ததால் இதயம் நின்றுவிட்டதோ என்று ஒரு கணம் பயந்தேன். நாடியைத் தொட விரல் தேடியது. அங்கே ஏற்கெனவே மனைவியின் விரல் இருந்தது.

டாக்டர் முன்பு எடுத்த ஈ.சி.ஜி. நாடாவையும் இப்போது எடுத்ததையும் அருகருகே வைத்து அவளுக்குக் காட்டினார்.

"இது நண்டு ஓடுன தடம் மாதிரிலா இருக்கு," என்றாள் பழையதைப் பார்த்து. புதியதில் கோடு ஒரே இடைவெளியில் வரிசையாகப் போயிற்று. அதைப் பார்த்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"மாத்திரையை இன்னும் ஒரு மாசம் விடக்கூடாது," என்றார் டாக்டர். "மேல் அறை ஒழுங்குக்கு வந்தாலும் முதல்ல சோம்பலாத்தான் அடிக்கும். அப்பத்தான் கட்டி பிடிக்கிற பயம் அதிகம்."

"வீட்லயும் இவுக அப்படித்தான் டாக்டர். எந்திரிச்சாலும் வேலைக்கு வர நேரமாகும்." பிறகு, "இந்தச் சீட்டை எனக்குத் தாங்க. சொன்னா ஐயரம்மா நம்ப மாட்டாக," என்றாள்.

அவர் ஒரு முழம் கிழித்துக் கொடுத்தார். மெழுகுக் காகிதம், நகம் பட்டால் கோடு விழுந்துவிடும் என்று எச்சரித்தார். அவள் அதை மடிக்கவில்லை, சுருட்டவில்லை. பஸ்ஸில் இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தபடி உட்கார்ந்தாள். பையும் தண்ணீர்ப் புட்டியும் டிக்கெட்டும் என் மடியில். எட்டயபுரம் தாண்டி ஒரு பள்ளத்தில் பஸ் தூக்கிப் போட்டது. அவளைத் தாங்கக் கை நீட்டினேன்.

"என்னைய விடுங்க, நீங்க கம்பியப் பிடிச்சுக்கோங்க," என்றாள், கண்ணைக் காகிதத்தைவிட்டு எடுக்காமல். "உங்க நெஞ்ச நான் பாத்துக்கிடுதேன்."